பெண் பிள்ளைகள் மட்டும் உள்ள வீடு

"வாப்பா உசிரோட இருக்கக்கொள்ளயே இந்த வீட்ட எங்களுக்குத்தான் தந்த. ஊருக்கே தெரியும்." பெண் பிள்ளைகள் மட்டும் உள்ள குடும்பங்களில் தகப்பன் மௌத்தான பிறகு அடிக்கடி கேட்கும் பேச்சு இது. ஊர் சாட்சி காணிக்கு உறுதியாகாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணியைக் கைமாற்றும் ஆவணம் நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும்.

உறுதியும் இல்லை, மரணசாசனமும் இல்லை என்றால் 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வரும். மௌத்தானவர் சார்ந்த மத்ஹபின்படி சொத்துப் பிரியும். ஜனாஸாச் செலவும் கடனும் முதலில் கழியும். கொடுக்காத மஹரும் கடன்தான். பலர் அதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள், உடன்பிறந்த ஒரு சகோதரர் மட்டும் வாரிசுகள் என்று வைத்துக்கொள்வோம். மனைவிக்கு 3/24, பெண் பிள்ளைகளுக்கு 16/24, மீதி 5/24 சகோதரருக்கு. சாச்சா அந்த வீட்டின் பங்காளி ஆகிவிடுகிறார். 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அவர் பிரிவினை வழக்கும் போடலாம். பிரிக்க முடியாத சின்ன வளவு என்றால் விற்பனைக்கே போகும். பங்கு அவருடைய ஹக்கு, அதில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் தகப்பன் நினைத்தது வேறு.

அப்படி நினைப்பவர் உயிரோடு இருக்கும்போதே நன்கொடை உறுதி எழுதிக் கையளிக்கலாம். இங்கேதான் கவனம் தேவை. வெறும் நன்கொடை என்றால் முஸ்லிம் சட்டம் பொருந்தும். "மீளப்பெற முடியாதது" என்று உறுதியில் எழுதாவிட்டால் அது மீளப்பெறக்கூடியதே. "நான் மௌத்தாகும் வரை அனுபவிப்பேன்" என்று சீவிய உரித்தை வைத்துக்கொண்டால் அதே கட்டளைச் சட்டம் நம்மை ரோமன் டச்சுச் சட்டத்திடம் ஒப்படைக்கிறது. அங்கே பெறுபவர் ஏற்றுக்கொள்வது அவசியம். ஏற்றபின் பொதுவாகத் திரும்பப் பெற முடியாது, பாரிய நன்றிகேடு போன்ற காரணம் இருந்தாலொழிய. ஒரு வரி எந்தச் சட்டம் என்பதையே மாற்றிவிடுகிறது. அதனால் நொத்தாரிசு வாசிக்கும்போது தலையாட்டிக்கொண்டு இருக்காமல் கேள்வி கேளுங்கள். எழுதிய உறுதியைக் காணிப் பதிவகத்தில் உடனே பதிவதும் முக்கியம். பதியாமல் பெட்டியில் கிடக்கும் உறுதி, அதே காணிக்குப் பெறுமதி கொடுத்துப் பிறகு வாங்கிப் பதிந்தவரின் உறுதியிடம் தோற்கலாம்.

மரணசாசனம் எழுதினால் என்ன? 1844ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் முழுச் சொத்தையும் விரும்பியவருக்கு எழுத இடம் தருகிறது. மார்க்கமோ வஸிய்யத்தை மூன்றிலொன்றுக்குள் நிறுத்துகிறது. வாரிசுக்கு எழுதுவதென்றால் மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். மூன்றிலொன்றுக்கு மேல் எழுதியது என்பதற்காக மட்டும் மாவட்ட நீதிமன்றம் அதைத் தள்ளாது. சட்டம் அனுமதிப்பது வேறு, ஷரீஆ அனுமதிப்பது வேறு. என் அபிப்பிராயம், நொத்தாரிசிடம் போகுமுன் ஓர் ஆலிமிடம் போவதுதான் நல்லது.

தகப்பன் ஏற்கெனவே மௌத்தாகி, "எனக்கு வேணாம், புள்ளைகள் வெச்சுக்கட்டும்" என்று சாச்சா சொல்கிறாரா? அல்ஹம்துலில்லாஹ். அவரும் உறுதி எழுதித்தான் கொடுக்க வேண்டும். எழுதாமல் அவர் மௌத்தானால் அந்த 5/24 அவருடைய மனைவி மக்களுக்குப் போகும். அவர்களும் வேணாம் என்பார்களா என்பது அவர்களுடைய விருப்பம்.