சத்தம் எங்கே போனது?

படம் ஓடுகிறது, பேசுபவர் வாய் அசைகிறது, சத்தம் மட்டும் வரவில்லை. வீட்டுக் கணினியில் இப்படி ஆனதும் ‘ஸ்பீக்கர் கெட்டுப்போச்சு’ என்று முடிவுகட்டுவது வழக்கம். பல நேரங்களில் ஸ்பீக்கர் நன்றாகவே இருக்கும். கணினியும் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். ஆனால் சத்தத்தை வேறொரு கருவிக்கு அனுப்பிக்கொண்டிருக்கும்.

நம் ஊரான சிம்பாங் ரெங்கம், குளுவாங் மாவட்டத்தில் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையை ஒட்டிய சிறு நகரம். உள்ளூர்க் கடையில் வேலை ஆகாவிட்டால் குளுவாங்குக்கோ ஜொகூர் பாருவுக்கோ கணினியைத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். பாதி நாளும் பெட்ரோலும் செலவாகும். அங்கே கடைக்காரர் ஒரே ஒரு பொத்தானை அழுத்திச் சரிசெய்து கொடுத்தால், போன செலவை நினைத்து எரிச்சல்தான் வரும். ஆகவே கிளம்புமுன் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடியவற்றை வரிசையாகச் சொல்கிறேன். ஸ்குரூடிரைவர் எதுவும் தேவையில்லை. விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் இது பொருந்தும்.

சத்தம் வரும் வழி

யூடியூப் பாட்டோ கூகள் மீட் வகுப்போ, முதலில் சத்தம் அந்தச் செயலியில் பிறக்கிறது. செயலி அதை விண்டோஸிடம் கொடுக்கிறது. எந்தக் கருவிக்கு அனுப்புவது என்பதை விண்டோஸ் தீர்மானிக்கிறது. அந்தக் கருவியோடு பேசத் தெரிந்த மென்பொருள்தான் டிரைவர். டிரைவர் சொன்னபடி மதர்போர்டில் இருக்கும் ஒலிச் சில்லு, எண்களாக இருப்பதை மின் அலையாக மாற்றுகிறது. அந்த அலை ஓட்டை வழியாக, ஒயர் வழியாக ஸ்பீக்கரைச் சேர்கிறது.

இந்த வழியில் எந்த இடத்தில் அடைப்பு விழுந்தாலும் நமக்குத் தெரிவது ஒன்றுதான்: சத்தம் இல்லை. வீட்டுக் குழாயில் தண்ணீர் நின்றால் மீட்டர் பக்கத்துக் குழாயைத் திறந்து பார்ப்போம்; அங்கே வந்தால் கோளாறு வீட்டுக்குள், வராவிட்டால் வெளியே. இங்கும் அதே முறைதான். நடுவில் ஓரிடத்தைச் சோதித்து, பாதி வழியைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிடவேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நாலைந்தை ஒன்றாக மாற்றினால் சத்தம் திரும்பி வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது. அடுத்த முறை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

முதலில் வெளியே பாருங்கள்

ஸ்பீக்கரில் விளக்கு எரிகிறதா? எரியாவிட்டால் அதே சுவிட்சில் கைப்பேசி சார்ஜரைச் சொருகிப் பாருங்கள். சார்ஜர் வேலை செய்து ஸ்பீக்கர் மட்டும் செய்யாவிட்டால், அதன் மூன்று முள் பிளக்கைக் கவனியுங்கள். மலேசியாவில் நாம் பயன்படுத்தும் இந்தப் பிளக்குக்குள்ளேயே ஒரு சிறு பியூஸ் இருக்கிறது. அது எரிந்துபோனால் ஸ்பீக்கருக்கு மின்சாரமே போகாது. பியூஸை மாற்றும்போது பழையதில் என்ன ஆம்பியர் எழுதியிருக்கிறதோ அதையே வாங்குங்கள். யூஎஸ்பி மின்சாரத்தில் ஓடும் ஸ்பீக்கர் என்றால் வேறு யூஎஸ்பி ஓட்டையில் மாற்றிச் சொருகுங்கள்.

ஸ்பீக்கரின் ஒலித் திருகையும் திருகிப் பாருங்கள். வீடு கூட்டும்போது யாரோ கை பட்டுச் சுழியத்துக்குப் போயிருக்கலாம். மடிக்கணினி விசைப்பலகையின் மேல்வரிசையில் சத்தத்தை அடைக்கும் விசை ஒன்று உண்டு. குழந்தைகள் தெரியாமல் அழுத்துவது அதைத்தான்.

அடுத்து ஒயர். கணினியின் பின்புறத்தில் பல ஓட்டைகள் வண்ணங்களோடு இருக்கும். பச்சை, ஸ்பீக்கருக்கும் ஹெட்போனுக்கும். இளஞ்சிவப்பு, மைக்குக்கு. வெளிர்நீலம், வெளியிலிருந்து சத்தத்தை உள்ளே கொண்டுவர. மைக்ரோசாஃப்டும் இன்டெலும் 1990-களின் கடைசியில் வகுத்த ஒழுங்கு இது. இன்றும் பெரும்பாலான டெஸ்க்டாப் கணினிகள் இதைத்தான் பின்பற்றுகின்றன. மேசையை நகர்த்திய பிறகு சத்தம் நின்றதென்றால், பச்சையில் இருக்கவேண்டிய பிளக் பக்கத்து ஓட்டைக்குப் போயிருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்பீக்கரே நல்லதா என்பதை அறியச் சுலபமான வழி, அதே ஒயரைக் கைப்பேசியிலோ தொலைக்காட்சியின் ஹெட்போன் ஓட்டையிலோ சொருகிப் பார்ப்பது. அங்கே பாடினால் ஸ்பீக்கரும் ஒயரும் நல்லவை. இனி கணினியை மட்டும் பார்த்தால் போதும்.

கணினி எங்கே அனுப்புகிறது?

எனக்குத் தெரிந்து, வீட்டுக் கணினியில் அடிக்கடி நடக்கும் கோளாறு இதுதான். முன்பு திரைக்குப் போன விஜிஏ கேபிள் படத்தை மட்டும் கொண்டுபோகும். இப்போது பெரும்பாலான திரைகளை இணைக்கும் எச்டிஎம்ஐ கேபிள் படத்தையும் சத்தத்தையும் சேர்த்தே கொண்டுபோகும். புதுத் திரையைச் சொருகியதும், ‘ஓ, இதுவும் ஒரு ஸ்பீக்கர்’ என்று எடுத்துக்கொண்டு விண்டோஸ் சத்தம் முழுவதையும் அங்கே அனுப்பிவிடலாம். அந்தத் திரைக்குள் ஸ்பீக்கரே இல்லாவிட்டால் யாருக்கும் எதுவும் கேட்காது. மாறாக, பழைய விஜிஏ கேபிளில் இணைத்துவிட்டு, திரையில் உள்ள ஸ்பீக்கர் பாடவில்லையே என்று காத்திருப்பவர்களும் உண்டு. அதற்குப் பச்சை ஓட்டையிலிருந்து தனி ஒயர் வேண்டும்.

புளூடூத்தும் இதே வேலையைச் செய்யும். அறையில் கட்டில்மேல் கிடக்கும் ஹெட்போன் இன்னும் இணைப்பில் இருந்தால், கூடத்தில் நீங்கள் போடும் பாட்டு அங்கே பாடிக்கொண்டிருக்கும்.

பார்க்கும் முறை எளிது. திரையின் கீழே வலது ஓரத்தில் உள்ள ஸ்பீக்கர் படத்தைச் சொடுக்குங்கள். ஒலியளவுக் கோட்டின் பக்கத்தில் ஓர் அம்புக்குறி இருக்கும். அதைத் தொட்டால் கருவிகளின் பட்டியல் விரியும். திரையின் நிறுவனப் பெயர் தேர்வாகி இருந்தால் அதை விட்டு, ‘ஸ்பீக்கர்ஸ்’ என்றோ ‘ரியல்டெக்’ என்றோ இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். ரியல்டெக் தைவான் நிறுவனம். அதன் சில்லுதான் ஏராளமான கணினிகளில் இருக்கிறது.

நடுவழியில் ஒரு சோதனை

இதுவரை சத்தம் வரவில்லையென்றால், மின்னல் எஃப்எம் வானொலியை இணையத்தில் ஓடவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று போய், அங்கே ‘மோர் சவுண்ட் செட்டிங்ஸ்’ என்பதைத் திறங்கள். விண்டோஸ் 10-இல் அதன் பெயர் ‘சவுண்ட் கன்ட்ரோல் பேனல்’. ‘பிளேபேக்’ பகுதியில் ஒவ்வொரு கருவியின் பக்கத்திலும் ஒரு சிறு அளவுகோல் தெரியும்.

அதில் பச்சைக் கோடுகள் ஏறி இறங்கினால், சத்தம் விண்டோஸைத் தாண்டிப் போகிறது என்று பொருள். எந்தக் கருவியின் பக்கத்தில் ஆடுகிறதோ அங்கேதான் போகிறது. அது உங்கள் ஸ்பீக்கர்தான் என்றால், கோளாறு டிரைவரிலோ சில்லிலோ ஓட்டையிலோ இருக்கிறது. கோடு அசையவே இல்லையென்றால் கோளாறு அதற்கு முன்னால், அதாவது செயலியில் அல்லது விண்டோஸில். இந்த ஒரு சோதனை பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

ஒரு செயலியில் மட்டும் இல்லையென்றால்

பாட்டு கேட்கிறது, வகுப்பு மட்டும் கேட்கவில்லை என்றால் ஸ்பீக்கரைக் குற்றம் சொல்லமுடியாது. விண்டோஸில் ‘வால்யூம் மிக்ஸர்’ என்ற பகுதியில் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனி ஒலியளவு இருக்கிறது. அங்கே ஒன்று மட்டும் சுழியத்தில் இருக்கலாம். குரோமில் மேலே இருக்கும் டேபை வலது சொடுக்கினால், அந்தத் தளத்தின் சத்தம் அடைக்கப்பட்டிருக்கிறதா என்று தெரியும். கூகள் மீட், சூம் போன்றவை தங்களுக்கென்று தனியாக ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கும். அவற்றின் செட்டிங்ஸுக்குள்ளும் பாருங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. அழைப்பு ஒன்று வந்தால் மற்றச் செயலிகளின் சத்தத்தை 80 விழுக்காடு குறைக்கும் ஏற்பாடு விண்டோஸில் உண்டு. முன்சொன்ன ‘மோர் சவுண்ட் செட்டிங்ஸ்’ பெட்டியில் ‘கம்யூனிகேஷன்ஸ்’ என்ற பகுதியில், ‘டூ நத்திங்’ என்று மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை நிற்கும்.

அணைப்பது வேறு, மறுதொடக்கம் வேறு

எதைக் கேட்டாலும் ‘ஒருமுறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க’ என்கிறார்கள். அதில் ஒரு நுணுக்கம் உண்டு. விண்டோஸ் சீக்கிரம் திறப்பதற்காக, ‘ஷட் டவுன்’ கொடுக்கும்போது தன் உள்நிலையின் ஒரு பகுதியைச் சேமித்துவைத்து, மறுநாள் அதையே எடுத்துக்கொள்கிறது. சிக்கலும் அதோடு சேர்ந்தே திரும்பி வரலாம். ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால் எல்லாம் புதிதாகத் தொடங்கும். ஆகவே பலமுறை அணைத்தும் பலனில்லையென்றால் ரீஸ்டார்ட் கொடுத்துப் பாருங்கள்.

டிரைவர்

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது பிள்ளைகளின் வகுப்புக்காக வாங்கிய மடிக்கணினி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு. விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. அதனால் அந்தப் பழைய கணினியை விண்டோஸ் 11-க்கு மாற்றிய மறுநாள் சத்தம் போனால், முதல் சந்தேகம் டிரைவர்மேல் விழவேண்டும். பழைய சில்லுக்கும் புது விண்டோஸுக்கும் இடையே பேச்சு அறுந்திருக்கும்.

ஸ்டார்ட் பொத்தானை வலது சொடுக்கி ‘டிவைஸ் மேனேஜர்’ திறங்கள். ‘சவுண்ட், வீடியோ அண்ட் கேம் கன்ட்ரோலர்ஸ்’ என்ற வரியை விரியுங்கள். கருவியின் பெயரில் கீழ்நோக்கிய அம்பு இருந்தால் யாரோ நிறுத்திவைத்திருக்கிறார்கள். வலது சொடுக்கி இயக்குங்கள். மஞ்சள் முக்கோணம் இருந்தால் டிரைவர் சரியில்லை. அதன் ‘ப்ராப்பர்ட்டீஸ்’ பெட்டியில் ‘டிரைவர்’ பகுதிக்குப் போய், ‘ரோல் பேக் டிரைவர்’ கொடுத்தால் முந்தையதற்குத் திரும்பலாம். அது மங்கலாக இருந்தால் ‘அன்இன்ஸ்டால் டிவைஸ்’ கொடுத்துக் கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் தானாக ஒரு டிரைவரைப் போட்டுக்கொள்ளும்.

புது டிரைவர் வேண்டுமென்றால் மடிக்கணினி நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்துத் தேடுங்கள். ‘உங்கள் எல்லா டிரைவர்களையும் இலவசமாகச் சரிசெய்கிறோம்’ என்று கூப்பிடும் விளம்பரங்களைத் தொடாதீர்கள். சத்தம் போன தொல்லையோடு வைரஸ் தொல்லையும் சேரும்.

சில்லே போயிருந்தால்

தொடக்கத்தில் பீசி கணினிக்கு ‘பீப்’ சொல்வதைத் தவிரப் பெரிதாக எதுவும் தெரியாது. அதைப் பாடவைத்ததில் நம் பக்கத்து ஊருக்குப் பெரும் பங்கு உண்டு. சிங்கப்பூரில் சிம் வொங் ஹூ தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனம் 1989-இல் சவுண்ட் பிளாஸ்டர் என்ற ஒலி அட்டையை வெளியிட்டது. அந்தக் காலத்தில் சத்தம் வராவிட்டால் அட்டையைக் கழற்றிப் புதியதைச் சொருகுவார்கள். பிறகு ஒலிச் சில்லு மதர்போர்டோடே ஒட்டி வரத்தொடங்கியது; இப்போது கழற்ற எதுவும் இல்லை.

சில்லு கெடுவதற்கு நம் ஊரில் முக்கியக் காரணம் இடிமின்னல். பருவமழைகளுக்கு இடைப்பட்ட ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களின் பிற்பகல் இடிமழையில் மின்கம்பி வழியாகப் பாயும் திடீர் அழுத்தம் நுண்ணிய சில்லுகளைப் பதம்பார்க்கும். வானம் கறுத்தால் சுவிட்சை அணைப்பதோடு நிற்காமல் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். ஈரக்காற்றும் சத்தத்தை நிறுத்தலாம்: ஓட்டைக்குள் உள்ள உலோகத்தில் களிம்பு ஏறும். பிளக்கைச் சிலமுறை செருகி எடுத்தால் தொடர்பு திரும்புவதுண்டு. மடிக்கணினியில், ஹெட்போனைக் கழற்றிய பிறகும் உள்ளேயிருக்கும் சிறு விசை மாட்டிக்கொண்டு, ஹெட்போன் இன்னும் இருப்பதாகக் கணினி நினைத்துக்கொண்டிருப்பதற்கும் இது மருந்து.

சில்லா, விண்டோஸா என்று உறுதியாகத் தெரியவேண்டுமா? உபுண்டு லினக்ஸைப் பென்டிரைவில் ஏற்றி, கணினியில் நிறுவாமல் ‘ட்ரை’ முறையில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். அங்கே சத்தம் வந்தால் சில்லு நல்லது, குற்றம் விண்டோஸில். அங்கேயும் வராவிட்டால் சில்லுமேல் சந்தேகம் வலுக்கும்.

சில்லு போயிருந்தாலும் கணினியைத் தூக்கிப்போட வேண்டாம். யூஎஸ்பி ஒலி அடாப்டர் என்று விரல் நீளத்தில் ஒன்று கிடைக்கிறது, விலையும் அதிகமில்லை. அதற்குள்ளேயே தனிச் சில்லு இருப்பதால் மதர்போர்டில் இருப்பது தேவைப்படாது. யூஎஸ்பி ஓட்டையில் சொருகி, அதில் ஸ்பீக்கரை மாட்டி, கருவிப் பட்டியலில் அதன் பெயரைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

கடைக்குப் போகவேண்டி வந்தால்

இத்தனைக்கும் பிறகு கடைக்குப் போவதில் தப்பில்லை. ‘சத்தம் வரலை’ என்று மட்டும் சொல்லாமல் மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள்: ஸ்பீக்கர் கைப்பேசியில் பாடுகிறதா, பச்சைக் கோடு ஆடுகிறதா, சத்தம் நிற்பதற்கு முன் என்ன நடந்தது – அப்டேட்டா, இடியா, புதுத் திரையா. இவை தெரிந்தால் கடைக்காரர் நேரே கோளாறு உள்ள இடத்துக்குப் போவார். விண்டோஸை மறுபடி ஏற்றவேண்டும் என்று சொன்னால், படங்களையும் பள்ளிக் கோப்புகளையும் முதலில் வேறொரு டிஸ்கில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். மதர்போர்டை மாற்றவேண்டும் என்று சொன்னால், யூஎஸ்பி அடாப்டரால் வேலை ஆகுமா என்று கேளுங்கள். சத்தம் மட்டுமே பிரச்சினை என்றால் பெரும்பாலும் ஆகும்.