கொல்லிமலையும் எல்லைப் போர்களும்

எடப்புளி நாட்டு வயல்களினூடே நடந்தபோது, இம்மலைக்காகவா மன்னர்கள் போரிட்டனர் என்று வியந்தேன்.

சங்ககாலத்தில் கொல்லியை ஆண்டவன் வல்வில் ஓரி. மேற்கே சேரன், வடக்கே தகடூரில் அதியமான், கிழக்கே திருக்கோவலூரில் மலையமான் காரி. சேரனுக்குத் துணையாகக் காரி ஓரியைக் கொன்று, மலையை அவனுக்கு அளித்தான். அதியமானும் இருபெரு வேந்தரும் கூடிப் பெருஞ்சேரல் இரும்பொறையை எதிர்த்தனர். கொல்லிக் கூற்றத்தில் மூவரும் தோற்றனர் என்கிறது பதிற்றுப்பத்தின் பதிகம். தகடூரும் வீழ்ந்தது.

சீனத்தின் மேற்கெல்லையிலும் இத்தகைய கூட்டணிகளைக் காண்கிறோம். சியோங்னு என்னும் குதிரைவீரர்களை அடக்க, ஹான் பேரரசர் வூ தி, யூவெழி மக்களின் துணையை நாடினார். கி.மு. 138-இல் சாங் சியென் தூது புறப்பட்டார். வழியில் சியோங்னுக்கள் அவரைப் பிடித்துப் பத்தாண்டுகள் வைத்திருந்தனர். தப்பிச் சென்று யூவெழிகளைக் கண்டபோது, அவர்கள் வளமான புதுநிலத்தில் அமைதியை விரும்பினர்; போருக்கு இசையவில்லை. அவர்கள் வழியில் தோன்றிய குசாணரே பின்னர் வடஇந்தியாவை ஆண்டனர்.

பிறர் பகைக்குத் துணைபோகுமுன், வெற்றியின் பயன் யாருக்கு என்று மாணவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். காரி வென்றான்; மலை சேரனுக்குப் போயிற்று. கொல்லி மக்கள் ஆண்டுதோறும் ஆடியில் விழா எடுப்பதோ தோற்ற ஓரிக்கே!