சாப்பிடுவது யார்?

சொல் புழங்கும் ஊர் – 14

ஆங்கிலத்தில் 'ஈட்' என்ற சொல்லுக்கு ஆள் பேதம் கிடையாது. ராஜா சாப்பிட்டாலும் ஈட், ராஜாவின் குதிரை தின்றாலும் ஈட். அமிலம் உலோகத்தை அரித்தாலும் அதே சொல்தான். கம்போடியாவின் கெமர் மொழியில் இந்தச் சொல்லை வைக்கப் போனால், சாப்பிடுவது யார், அதைச் சொல்வது யார் என்ற இரண்டும் தெரிந்தாக வேண்டும்.

சாப்பிடுவதற்கு அங்கே எட்டுச் சொற்கள். வீட்டிலும் சிநேகிதர்களிடமும் 'ஞாம்'. கிராமத்துப் பேச்சில் 'ஹோப்'. விருந்தாளியையும் வயதில் மூத்தவரையும் உபசரிக்க 'பிசா'. ஆனால் அதே மரியாதைப் பேச்சில் தன்னைப் பற்றிச் சொல்லும்போது பிசா ஆகாது. 'ததூல் தியன்' என்று பணிந்து சொல்ல வேண்டும். ததூல் என்றால் பெறுதல். தியன் வேறொன்றுமில்லை, பாலி வழியாகப் போன நம் தானம். என் தட்டில் இருக்கும் சோறு எனக்குக் கிடைத்த கொடை என்கிற பணிவை ஒரு வினைச்சொல்லுக்குள் வைத்திருக்கிறார்கள். எனக்கு இந்த எட்டில் மிகவும் பிடித்தது இதுதான். எழுத்து நடைக்கு 'பரிபோக்'; அதிலும் நம் போகம் இருக்கிறது. பிக்குகள் உண்பது 'சன்', அரசர் உண்பது 'சவோய்'. எட்டாவது 'ஸீ', ஆடு மாடு தின்பதற்கு உரியது. நெருங்கிய கூட்டாளிகள் உரிமையோடு சொல்லிக்கொள்வதுண்டு. மற்றவரிடம் சொன்னால் வசவு.

மடத்தில் அமுது செய்தருளுகிறவரையும், கோபத்தில் "கொட்டிக்கோ" என்று தட்டை நகர்த்துகிறவரையும் அறிந்த நமக்கு இதில் அதிசயம் இல்லை. கவனிக்க வேண்டியது, கடைசிப் படியில் நிற்கும் ஸீதான் அதிகம் உழைக்கிறது என்பதை. 'ரொக்' என்றால் தேடு. 'ரொக் ஸீ' என்றால் பிழைப்பு, வியாபாரம். கூலிவேலை செய்வது 'ஸீ ச்னூல்', லஞ்சம் வாங்குவது 'ஸீ சம்நோக்'. இரும்பைத் துரு தின்னும். சொத்தைப் பல்லைப் புழு தின்னும். பூச்சிப்பல் என்று நம் ஊரில் சொல்வதும் அதே எண்ணம்தான்.

1975 ஏப்ரல் 17 அன்று கம்யூனிஸ்டுகளான கெமர் ரூஜ் படை தலைநகர் நோம்பென்னுக்குள் நுழைந்தது. சில நாட்களில் நகரமே காலியானது. டாக்டர், வாத்தியார், கடைக்காரர் எல்லோரும் வயலுக்கு விரட்டப்பட்டார்கள். பணமும் சந்தையும் ஒழிக்கப்பட்டன. பேச்சும் தப்பவில்லை. எல்லோரும் எல்லோரையும் 'மித்', அதாவது தோழர், என்று கூப்பிட வேண்டும். எல்லோரும் ஹோப் என்றே சொல்ல வேண்டும். பழக்கதோஷத்தில் வாயில் வரும் ஒரு பிசா, பேசுகிறவர் பட்டணத்து ஆள் என்று காட்டிக்கொடுத்துவிடும். பட்டணத்து ஆள் என்று தெரிவதே அன்று ஆபத்து.

உயர்வு தாழ்வு காட்டும் சொற்கள் ஒழிந்தால் நல்லதுதானே என்று ஒரு வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அங்கே சொல்தான் ஒன்றானது, சோறு ஒன்றாகவில்லை. வீட்டு அடுப்புக்குத் தடை. சட்டி பானைகள் பொதுச் சமையற்கூடத்துக்குப் போயின. எக்டேருக்கு 3 டன் நெல் என்று மேலிடம் 1976 இல் இலக்கு வைத்தது. அவ்வளவு விளையாத இடத்திலும் விளைந்ததாகக் கணக்குக் காட்டி, நெல்லை மூட்டை கட்டி அனுப்பினார்கள். நட்டு அறுத்தவர்களுக்கு மிஞ்சியது 'பொபொர்', தண்ணீராய் ஓடும் கஞ்சி. அதிகாரிகள் சாப்பாடு வேறு. பசி தாங்காமல் வயலில் நண்டோ நத்தையோ பிடித்துத் தனியாகச் சுட்டுத் தின்றவர், 'அங்கார்', அதாவது அமைப்பு, என்று தன்னை அழைத்துக்கொண்ட ஆட்சியின் சொத்தைத் திருடிய குற்றவாளி. பசியிலும் நோயிலும் ஓயாத உழைப்பிலும் கொலையிலும் நான்கு ஆண்டுகளுக்குள் மாண்டவர்கள் சுமார் 17 லட்சம் பேர் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. அத்தனை பேரையும் பட்டினி போட்ட ஆட்சி, சாப்பிடுவதற்கு எந்தச் சொல் சரி என்று பாடம் நடத்தியதை என்னால் ஆறாத கோபமில்லாமல் எழுத முடியவில்லை.

பிக்குகளின் காவியைக் களைந்து அவர்களையும் வயலுக்கு அனுப்பியதால், சன் என்ற சொல்லுக்கு ஆளே இல்லாமல் போயிற்று. 1979 ஜனவரியில் ஆட்சி விழுந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் ஒரு சிலர் முறைப்படி மீண்டும் துறவு ஏற்றார்கள். சன் திரும்பி வந்தது. சவோய் இன்னும் காத்திருக்க நேர்ந்தது. முடியாட்சியை 1970 இலேயே குடியரசுக்காரர்கள் நீக்கியிருந்தார்கள். முன்பு அரசராக இருந்த சிஹானூக் மறுபடி அரசரானது 1993 செப்டம்பரில்.

சவோய் என்பதற்கு உண்பது மட்டும் பொருள் அல்ல, அனுபவிப்பதும்தான். தமிழில் துய்த்தல் என்கிறோமே, அப்படி. நாடாள்வது 'சவோய் ரியச்', ராஜ்யத்தைத் துய்ப்பது. அரசர் இறப்பதும் 'சவோய் திவொங்கத்'. 2012 அக்டோபர் 15 அன்று பெய்ஜிங்கில் சிஹானூக் காலமானபோது கம்போடியா அதைத்தான் சொன்னது.

ஞாமும் பிசாவும் திரும்பி வர எந்த அரசாணையும் தேவைப்படவில்லை. ஹோப்பும் போய்விடவில்லை, அது கெமர் ரூஜுக்கு முன்பே கிராமத்தார் சொல், இன்றும் அவர்களுடையதே. எதிர்ப்பட்டவரிடம் "சோறு சாப்பிட்டாச்சா?" என்று கேட்பது கம்போடியாவிலும் நலம் விசாரிக்கும் வழி. பேரனிடம் ஞாம் என்று கேட்கிற பாட்டி, வாசலில் வந்து நிற்கும் பெரியவரிடம் பிசா என்பாள். காலையில் பிச்சைப் பாத்திரத்தோடு வரும் பிக்கு இருபது வயதுப் பையனாக இருந்தாலும், அவருக்குச் சன்தான்.