வலியின் சந்தை – 9: 'கத்தி இல்லை' என்கிறார்கள்

2025 பிப்ரவரியில் திருவனந்தபுரம் கழக்கூட்டத்தின் தனியார் அழகுச் சிகிச்சை மருத்துவமனை ஒன்றில், வயிற்றுக் கொழுப்பை நீக்கிக்கொள்ள இளம் மென்பொருள் பொறியாளர் ஒருவர் அறுவை செய்துகொண்டார். மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீடு திரும்பியதும் உடல்நிலை சரிந்தது. வேறு மருத்துவமனையில் செயற்கைச் சுவாசத்தில் கிடந்து பிழைத்தார். ஆனால் ஒன்பது விரல்களை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. மே மாதத்தில் கேரளம் முழுக்க இதைப் பேசியது. அறுவை செய்த மருத்துவமனையின் பதிவு ரத்தானது. யார் மீது எவ்வளவு குற்றம் என்று சட்டம் சொல்லட்டும். என் நெஞ்சை விட்டு அகலாதது வேறொன்று: உடலுக்கு எந்த அவசரமும் இல்லாத ஒரு நாளில், தெம்பாக நடந்து உள்ளே போனவர் அவர்.

முதுகுவலியைப் பற்றிய தொடரில் கொழுப்பு நீக்கத்துக்கு என்ன வேலை? இந்த இரண்டு சந்தைகளும் தேடுவது ஒரே ஆளைத்தான். 1990-ல் தொடங்கிய டெக்னோபார்க், இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்கா, கழக்கூட்டத்தில்தான் இருக்கிறது. நாகர்கோவிலில் இருந்தும் மார்த்தாண்டத்தில் இருந்தும் வந்த நம் பிள்ளைகளும் அங்கே திரைக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். முப்பது வயதைத் தொடுவதற்குள் இடுப்பில் பிடிப்பு, காலில் இழுப்பு. கையில் காப்பீடு இருக்கிறது, நேரம் இல்லை. ஒரு நாள் 'முதுகுவலி' என்று கைப்பேசியில் தேடினால் போதும், அடுத்த ஒரு வாரத்துக்கு அந்தத் திரையை விட்டு லேசர் போகாது. கத்தி இல்லை, தையல் இல்லை, ரத்தம் இல்லை, காலையில் வந்து மாலையில் வீட்டுக்குப் போகலாம் என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும்.

இதற்கு முந்தைய கட்டத்தை முதலில் பார்த்துவிடுவோம். வலியோடு போகிறவருக்கு எம்.ஆர்.ஐ எடுக்கிறார்கள். 'எல்-4, எல்-5 டிஸ்க் பல்ஜ், தேய்மானம்' என்று அறிக்கை வருகிறது. வீட்டில் அதை 'ஜவ்வு விலகிடுச்சாம்' என்கிறார்கள். அந்த நிமிடமே ஓர் இளைஞன் நோயாளியாகிவிடுகிறான். முதுகில் எந்த வலியும் இல்லாதவர்களை ஸ்கேன் செய்த 33 ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் ஒரு கட்டுரை வந்தது. அதன்படி, வலியே இல்லாத முப்பது வயதுக்காரர்களில் 52 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் உண்டு. 40 சதவீதம் பேருக்கு டிஸ்க் புடைத்திருக்கிறது. வலி இருக்கும் நேரத்தில் ஸ்கேனில் ஒன்று தெரிந்தது என்பதாலேயே, வலிக்குக் காரணம் அதுதான் என்று முடிவு கட்ட முடியாது. வலிக்கும் இடமும், கால் மரத்திருக்கும் பகுதியும், படத்தில் நசுங்கித் தெரியும் நரம்பு வேரும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். அதைக் கண்டுபிடிக்க மருத்துவர் நோயாளியைப் படுக்க வைத்து, காலைத் தூக்கிப் பார்த்து, தொட்டுப் பார்த்து, நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும். வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய ஸ்கேனை மட்டும் பார்த்து அறுவைக்கு நாள் குறிப்பது மருத்துவமே அல்ல.

இனி லேசருக்கு வருவோம். 1986-ல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் பீட்டர் ஆஷர், டேனியல் சோய் என்ற இருவர் இதை முதன்முதலில் மனிதரிடம் செய்து பார்த்தார்கள். ஓர் ஊசி வழியாக மெல்லிய இழையை டிஸ்க்கின் நடுவே செலுத்தி, உள்ளிருக்கும் கூழில் கொஞ்சத்தை லேசர் வெப்பத்தால் ஆவியாக்குவது முறை. உள் அழுத்தம் குறையும், புடைப்பு பின்வாங்கும், நரம்பு விடுபடும் என்பது எதிர்பார்ப்பு. 1991-ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ அனுமதி தந்தது. யோசனையில் பிழையில்லை. ஆனால் அதன் எல்லை குறுகியது. டிஸ்க்கின் உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே விழுந்த துண்டை அந்த ஊசியால் எடுக்க முடியாது. வயதானவர்களுக்கு எலும்பு வளர்ந்து, தசைநார் தடித்து, நரம்புக் கால்வாய் சுருங்கிப்போகிறதே, அதற்கும் இந்த முறை பயன்படாது.

வெப்பம் டிஸ்க்கோடு நின்றுவிடும் என்ற உறுதியும் இல்லை. பக்கத்திலேயே நரம்பு வேர் ஓடுகிறது. மேலும் கீழும் முள்ளெலும்பின் தட்டுகள் இருக்கின்றன. அவை சூட்டில் சிதைவதும், டிஸ்க்கில் கிருமித் தொற்று ஏற்படுவதும் மருத்துவ இதழ்களில் பதிவான பாதிப்புகள். ஊசித்துளை சிறியதுதான். அதனால் உள்ளே நடப்பதும் சிறியது என்று ஆகிவிடாது.

நெதர்லாந்தில் 115 நோயாளிகளை இரு குழுவாகப் பிரித்து ஓர் ஆய்வு செய்தார்கள். முடிவு 2015-ல் வெளியானது. ஒரு குழுவுக்கு லேசர். மற்றதற்கு, சிறு கீறல் வழியாக டிஸ்க் துண்டை எடுக்கும் வழக்கமான அறுவை. ஓராண்டு முடிவில் அன்றாட வேலைகளைச் செய்யும் திறனில் இரு குழுவும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. லேசரை விற்பவர்கள் இதைச் சொல்வார்கள், அது உண்மையும்கூட. ஆனால் வழக்கமான அறுவை செய்துகொண்டவர்கள் விரைவில் தேறினார்கள். அவர்களில் ஓராண்டுக்குள் மறு அறுவை தேவைப்பட்டவர்கள் 16 சதவீதம். லேசர் குழுவிலோ 38 சதவீதம். 'மாலையில் வீடு' என்ற விளம்பரத்தில் இந்த 38-ஐ நான் பார்த்ததில்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. லேசர் என்று விளம்பரமாகும் பல அறுவைகளில் உண்மையான வேலையைச் செய்வது எண்டோஸ்கோப்பும், எலும்பைத் தேய்க்கும் டிரில்லும், துண்டைக் கவ்வி எடுக்கும் சிறு இடுக்கியும்தான். லேசர் கடைசியில் சிறிது தொட்டுப் போகும், அல்லது தொடாமலும் போகும். எண்டோஸ்கோப் அறுவை நல்ல முறை. கைதேர்ந்தவரிடம் நல்ல பலன் தருகிறது. அதை அதன் பெயரிலேயே சொல்லலாமே. சொல்வதில்லை, ஏனென்றால் லேசர் என்றதும் நமக்குப் பயம் போய்விடுகிறது. கண்ணில் லேசர் வைத்து மாலையே வீடு வந்த சித்தியை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

இந்த வியாபாரம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவின் ஃபுளோரிடா சாட்சி. டாம்பா நகரில் 2005-ல் 'லேசர் ஸ்பைன் இன்ஸ்டிட்யூட்' தொடங்கியது. எங்கு பார்த்தாலும் விளம்பரம். எம்.ஆர்.ஐ-யை அனுப்பினால் இலவசமாகப் பார்த்துச் சொல்வார்கள். 2011-ல் புளூம்பெர்க் அதன் லாப விகிதத்தைக் கூகுளுக்கும் மேலே வைத்து எழுதியது. அதே கட்டுரையில் நோயாளிகளின் புகார்களும் இருந்தன. மல்யுத்த நட்சத்திரம் ஹல்க் ஹோகன் அந்த நிறுவனத்தின் விளம்பரத்தில் வந்தவர். அவரே, தேவையில்லாத அறுவைகளைத் தனக்குச் செய்தார்கள் என்று 2013-ல் 5 கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார். 2019 மார்ச் 1 அன்று நிறுவனம் திடீரென்று கதவைச் சாத்தியது.

டாம்பாவையும் கழக்கூட்டத்தையும் இணைத்துப் பார்க்கும்போது எனக்குப் படுவது இதுதான்: இந்த விளம்பரங்கள் குறிவைப்பது அறுவை தேவைப்படாதவரை. டிஸ்க்கால் வரும் கால்வலி பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் தானாகத் தணியும். வெளியே விழுந்த துண்டைக்கூட உடலே கரைத்துக்கொள்வது உண்டு. ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வரை கடும் சயாட்டிகாவில், அதாவது காலுக்கு இறங்கும் நரம்பு வலியில், அவதிப்பட்ட 283 பேரை வைத்து நெதர்லாந்தில் செய்த ஆய்வு 2007-ல் வந்தது. உடனே அறுவை செய்துகொண்டவர்களுக்கு வலி சீக்கிரம் குறைந்தது. காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் பின்னர் அறுவைக்குப் போனார்கள், மற்றவர்களுக்கு அது தேவைப்படவே இல்லை. ஆண்டு முடிவில் இரு குழுவிலும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். ஆகவே விற்பவருக்கு அந்தச் சில வாரங்கள்தான் எதிரி. வலி தானாக அடங்குவதற்குள் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். 'இந்த வாரம் செய்தால் சலுகை' என்பதன் பொருள் எனக்கு இப்படித்தான் விளங்குகிறது. அறுவைக்குப் பிறகு வலி தணிந்தால் புகழ் லேசருக்கே போகும்; நாளாக ஆகத் தானாகவே தணிந்திருக்கும் என்று எவரும் சொல்லப் போவதில்லை.

சட்டம் என்ன செய்கிறது? 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் நெறிமுறைகளின்படி மருத்துவர் நோயாளியை விளம்பரம் செய்து அழைப்பது தவறு. நோயாளியை அனுப்பியவருக்குக் கமிஷன் கொடுப்பதும் தவறு. ஆனால் அந்த நெறிமுறைகள் கட்டுப்படுத்துவது மருத்துவரை. மருத்துவமனைகள் மீது கவுன்சிலுக்கு அதிகாரமில்லை என்பது 2014-ல் தில்லி உயர் நீதிமன்ற வழக்கில் தெளிவானது. ஆகவே மருத்துவர் செய்யக்கூடாததை நிறுவனம் செய்கிறது. கேரளத்தில் மருத்துவமனைகளைப் பதிவு செய்யும் சட்டம் 2018-லேயே வந்துவிட்டது. மருந்து விளம்பரத்திலோ, கண்ணூரின் கண் மருத்துவர் கே.வி.பாபு விடாமல் புகார் எழுதியதால், 1954-ஆம் ஆண்டின் மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டம் பதஞ்சலி குழுமத்தின் திவ்யா ஃபார்மஸி மீது கேரள நீதிமன்றங்களில் பாய்ந்தது. மருந்து விளம்பரத்துக்கு இருந்த அந்த விழிப்பு அறுவை விளம்பரத்துக்கு இன்னும் வரவில்லை. தவறான விளம்பரங்களை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்திடம் கொண்டுபோக 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. முதுகுவலிக்காரர்கள் அந்தக் கதவைத் தட்ட வேண்டும்.

காத்திருக்கக் கூடாத நேரமும் இருக்கிறது. சிறுநீர் வராமல் அடைபட்டால், மலம் கட்டுப்படாமல் போனால், உட்காரும் இடமும் தொடையின் உட்புறமும் மரத்துப்போனால், பாதம் தூக்க முடியாமல் தொங்கினால், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அப்போது நரம்பை விடுவிக்கத் திறந்த அறுவைதான் என்று மருத்துவர் சொன்னால் தயங்கவே கூடாது. அது காலையும் கழிவறைக் கட்டுப்பாட்டையும் காப்பாற்றும். மற்றவர்களுக்கு இரண்டாம் கருத்துக் கேட்க நாள் இருக்கிறது. கழக்கூட்டத்தில் இருப்பவருக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனமும் அதே திருவனந்தபுரத்திலேயே உள்ளன.

கையெழுத்துப் போடும் முன் வேறு என்ன வழிகள் உண்டு, ஒவ்வொன்றிலும் என்ன ஆபத்து என்று மருத்துவர் விளக்கிச் சொல்ல வேண்டும்; 2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொல்லியிருக்கிறது. அறுவை ஏற்கெனவே முடிந்துவிட்டவர்கள் தங்கள் மருத்துவப் பதிவுகளின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதும் அதே 2002 நெறிமுறைதான். எந்தக் கருவியால் என்ன எடுத்தார்கள், லேசரைத் தொட்டார்களா இல்லையா என்பது அறுவைக் குறிப்பில் எழுதியிருக்கும்.

(தொடரும்)