பல் கூறும் சான்று

மண்ணிலிருந்து தோண்டியெடுக்கப்பட்ட ஓர் எலும்புக்கூடு ஆணுடையதா, பெண்ணுடையதா என்று அறிய வேண்டின், அறிஞர் முதலில் இடுப்பெலும்பையே நோக்குவர். வளர்ந்தவரிடத்து அது பெரும்பாலும் தெளிவான விடை தரும். ஆனால், ஏழெட்டு வயதுப் பிள்ளையின் எலும்புக்கூடாயின் அவ்வெலும்பு உதவாது. பருவமெய்துவதற்கு முன் ஆண் பெண் வேற்றுமை அதிற் செவ்வனே தோன்றுவதில்லை. காணாமற்போன பிள்ளையைத் தேடி நிற்கும் பெற்றோருக்கு விடை கூற வேண்டிய வேளையில், வேறெதனைச் சான்றாகக் கொள்வது? அங்கே துணைக்கு வருவது பல்.

பல்லின் மேற்போர்வையாகிய பற்சிப்பி, மனித உடலிலுள்ள பொருள்கள் யாவற்றினும் கடினமானது. அதில் ஏறத்தாழ 96 வீதம் கனிப்பொருளே. ஆகையால், தசை அழிந்து எலும்பு சிதைந்த பின்னரும் பல் எஞ்சி நிற்கும். மற்றுமொரு சிறப்பும் அதற்குண்டு. பல்லின் முடி ஒருமுறை உருவாகிவிட்டால் பின்னர்த் தேயலாம், சொத்தை விழலாம், பெருப்பதில்லை. கீழ்த்தாடையின் நிலையான கோரைப்பல்லின் முடி ஏறத்தாழ ஏழு வயதளவிலே தாடைக்குள் முற்றுப்பெற்றுவிடுகிறது. அப்பல் ஈற்றைக் கடந்து வெளிவருவதோ அதற்குச் சில ஆண்டுகளின் பின்னரே.

ஆண்களின் பற்கள் சராசரியாகப் பெண்களின் பற்களிலும் சற்றுப் பெரியவை. இவ்வேற்றுமை கோரைப்பல்லிலேயே மிகுதியாகக் காணப்படுகிறது. எனினும், மிகுதி என்பதும் ஒரு மில்லிமீற்றருக்குக் குறைந்த அளவேயாம். இத்துணை நுண்ணிய வேற்றுமையைப் பிழையின்றி அளப்பது எவ்வாறு?

1895ஆம் ஆண்டில் ஜேர்மனிய அறிஞர் றொன்ற்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். மறு ஆண்டிலேயே பற்களையும் அக்கதிரினாற் படம்பிடிக்கத் தொடங்கினர். ஆயின், விளக்கின் முன் நீட்டிய கையின் நிழல் சுவரிற் பெரிதாக விழுவதுபோல, விரிந்து செல்லும் கதிரும் பல்லின் நிழலைப் பெருக்கிக் காட்டும். இக்காலத்துக் கருவியோ கூம்பு வடிவான கதிரைப் பாய்ச்சித் தலையைச் சுற்றிவந்து பல படங்களை எடுக்கிறது. கணினி அவற்றை ஒன்றுசேர்த்து, நீள அகல உயரம் மூன்றும் அமைந்த உருவை ஆக்குகிறது. தாடையை உடைக்காமலே, இன்னும் முளைக்காத பல்லையுங்கூட எத்திசையிலும் அளக்க இதனால் இயலுகிறது.

ஆயினும், அளவு கிடைத்ததும் முடிவு கிடைத்துவிடுவதில்லை. ஆண்கள் சராசரியாகப் பெண்களிலும் உயரமானவர்கள். ஆனால், பல ஆண்களிலும் உயரமான பெண்கள் ஊர்தோறும் உளர். பல்லின் செய்தியும் அத்தகையதே. பருமன் இடைத்தரமாயுள்ள பல்லை எப்பக்கத்திற் சேர்ப்பதென்று துணிய முடியாது. பல்லின் பருமன் மக்களினத்துக்கு இனம் வேறுபடுவதால், ஐரோப்பியரை அளந்து வகுத்த எல்லையை ஆசிய மக்களுக்கு இட்டால், பெரிய பல்லுடைய பெண் ஆணாகவும் சிறிய பல்லுடைய ஆண் பெண்ணாகவும் கணிக்கப்படலாம்.

அவசர முடிவு எவ்வளவு தவறக்கூடும் என்பதற்கு இத்தாலியின் மொடேனா நகரிற் கிடைத்த இரு எலும்புக்கூடுகள் சான்றாகும். சுமார் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் கைகோத்த நிலையிற் புதைக்கப்பட்ட அவை 2009ஆம் ஆண்டில் வெளிப்பட்டன. ஆணும் பெண்ணுமாகிய காதலர் என்றே பலரும் எண்ணினர். 'மொடேனாக் காதலர்' என்ற பெயரும் வழங்கிற்று. எலும்புகள் மிகச் சிதைந்திருந்தமையால் ஐயம் நீங்கவில்லை. ஈற்றில், பற்சிப்பியில் எஞ்சியிருந்த புரதத்தை ஆராய்ந்து, இருவரும் ஆண்களே என்று 2019ஆம் ஆண்டில் அறிவித்தனர். அளவு காட்டாததை அதே பல்லின் புரதம் காட்டியது.

ஆதலால், பல்லை அளக்கும் அறிஞர் தம் அறிக்கையில் 'இது ஆண்பிள்ளை' என்று முடிந்த முடிபாக எழுதுவதில்லை. 'ஆண்பிள்ளையாயிருத்தல் கூடும்' என்று எழுதி, அக்கணிப்பின் உறுதி எவ்வளவு என்பதையும் அருகிற் குறிக்கின்றனர். காத்திருக்கும் பெற்றோரிடம் தவறான பிள்ளையை ஒப்படைக்காதிருக்க அக்குறிப்பு வேண்டியதாகிறது.