காஜா சொதப்பினால் குற்றவாளி யார்?

தையல் மிஷினுக்குக் காஜாவைப் போலக் கறாரான பரீட்சை வேறில்லை. நேர்த்தையலில் ஒழுங்காக ஓடுகிற மிஷின்கூடக் காஜாவில் தையலை விட்டுவிடும், நின்ற இடத்திலேயே மொத்தை மொத்தையாகக் குத்தும், துணியின் அடியில் குருவிக்கூடு கட்டும். காஜா என்பது ஏறக்குறைய 0.4 மி.மீ. இடைவெளியில் நெருக்கி விழும் ஜிக்ஜாக் தையலின் இரண்டு வரிசை. இரு முனையிலும் குறுக்கே ஒரு கட்டு. 14 மி.மீ. நீளமுள்ள சட்டைக் காஜா ஒன்றுக்கு ஊசி எண்பது தடவை குத்துகிறது. சாதாரண நேர்த்தையலில் அதே நீளத்துக்கு ஆறு குத்து போதும். எங்கோ ஒளிந்திருக்கும் கோளாறு எண்பது குத்துக்குள் வெளியே வராமல் இருக்காது.

மேல் நூலும் கீழ் நூலும் துணிக்குள் பின்னிக்கொள்கின்றன என்பது மிஷின் வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். எப்படிப் பின்னுகின்றன என்பதுதான் வேடிக்கை. மேல் நூலின் நுனி ஏற்கெனவே தைத்த தையலில் மாட்டியிருக்கிறது, மறுமுனை நூல்கண்டில். கீழ் நூலும் அப்படியே, பாபினில். நுனி இல்லாத இரண்டு நூல்களை முறுக்குவது எப்படி?

ஊசி துணியைத் துளைத்துக் கடைசிவரை இறங்கி, பிறகு 2 முதல் 2.5 மி.மீ. ஏறுகிறது. எல்லாம் நடப்பது அந்த இரண்டு மில்லிமீட்டரில். ஊசியின் ஒரு பக்கத்தில் நெடுக ஒரு பள்ளம் உண்டு. அந்தப் பக்கத்து நூல் அதற்குள் பதுங்கித் தாராளமாக வழுக்கும். மறுபக்கத்து நூலுக்கு அந்த வசதி இல்லை. துணி அதை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. ஊசி ஏறும்போது கூடவே ஏற முடியாத அந்த நூல் வெளியே புடைத்து ஒரு சின்னக் கண்ணியாகிறது. ஊசிக்கண்ணுக்குச் சற்று மேலே குடைந்துவிட்ட ஒரு குழிவு இருக்கும். துணிக்குக் கீழே, பாபினைச் சுற்றி ஓடும் ஷட்டிலின் கூர்முனை சரியாக அந்தக் குழிவை உரசாமல் கடந்து கண்ணியைக் கவ்வுகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு தாளின் தடிமன்தான் இடைவெளி.

பூக்கட்டுகிறவர் நூலைக் கண்ணியாக்கிக் காம்புகளின் மேல் போட்டு இழுப்பதைப் போன்ற வேலை இது. வித்தியாசம் ஒன்றுதான்: மிஷின் கண்ணியைக் காம்புக்குப் போடுவதில்லை, பூக்கூடைக்கே போடுகிறது. பாபின், அதில் சுற்றிய நூல், அதன் கேஸ் எல்லாவற்றையும் சுற்றி மேல் நூல் தாண்டிப் போகிறது. ஆகவே கூடை எதிலும் கட்டப்பட்டிருக்கக் கூடாது; பாபின் கேஸ் அச்சு எதிலும் இறுகாமல், நூல் நுழைந்து போக இடம்விட்டு உட்கார்ந்திருப்பது இதனால்தான். பூக்காரம்மா கூடையைக் கையில் பிடித்திருந்தால் அவரும் சேர்ந்து சரத்தில் வந்துவிடுவார். கூடையைச் சுற்றிவர 6 செ.மீ.க்குக் குறையாத நூல் வேண்டும்; தையலில் செலவாவதோ சுமார் 3 மி.மீ. மிச்சத்தை மேலே ஆடும் கொம்பு திரும்ப இழுத்துக்கொள்கிறது. கணக்குப் போட்டால், நூலின் ஒவ்வொரு துளியும் துணியில் அமர்வதற்கு முன் இருபது தடவைக்குக் குறையாமல் ஊசிக்கண்ணில் தேய்ந்து வருகிறது. மலிவு நூல் ஏன் அறுகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

சரித்திரம் என்றால், நுனியில் கண் வைத்த ஊசியும் ஷட்டிலும் சேர்ந்த மிஷினுக்கு அமெரிக்காவில் 1846இல் எலியாஸ் ஹோ காப்புரிமை பெற்றார். நுனியில் துளையுள்ள ஈட்டிகள் அவர் கனவில் வந்தன என்ற கதை எல்லாப் புத்தகத்திலும் உண்டு. 1830களிலேயே நியூயார்க்கில் வால்டர் ஹண்ட் அதே ஊசியைச் செய்து, காப்புரிமை கேட்காமல் விட்டிருந்தார். அவர் விழித்திருந்தபோதே செய்தார் போலிருக்கிறது.

ஜிக்ஜாக்கில் சிக்கல் கூடுகிறது. ஊசி இடமும் வலமும் ஆடுகிறது; ஷட்டில் தன் பாட்டில் ஒரே தாளத்தில் வருகிறது. எனவே கூர்முனை ஊசியை ஒரு பக்கம் சற்று முந்தியும் மறுபக்கம் சற்றுப் பிந்தியும் சந்திக்கிறது. முந்தும் பக்கத்தில் கண்ணி இன்னும் சரியாகப் புடைத்திருக்காது. ஊசி லேசாக வளைந்திருந்தாலோ மழுங்கியிருந்தாலோ அந்தப் பக்கத்துத் தையல்தான் முதலில் விடும். காஜாவின் ஒரு வரிசை அழகாகவும் மற்றது ஓட்டையாகவும் விழுந்தால் முதலில் ஊசியை மாற்ற வேண்டும். 14 நம்பர் ஊசியின் தடிமன் 0.9 மி.மீ.; மெல்லிய வாயிலுக்கு அது உலக்கை, 11 போதும். தட்டைப் பக்கத்தை மாற்றிச் செருகினால் குழிவு தவறான திசையில் போய், ஒரு தையலும் விழாது.

அடியில் கட்டும் குருவிக்கூட்டுக்குப் பாபினைத் திட்டுவது வழக்கம். பெரும்பாலும் அது நிரபராதி. மேல் நூலை இழுத்துப் பிடிக்க ஆள் இல்லாததால்தான் அது கீழே குவிகிறது. பாதம் தூக்கியிருக்கும்போது டென்ஷன் தட்டுகள் விரிந்திருக்கும்; அப்போது நூல் கோத்தால் இடையில் அமரும். பாதத்தை இறக்கிவிட்டுக் கோத்தால் நூல் தட்டுக்கு வெளியே சவாரி செய்யும். ஆகவே டென்ஷன் திருகைத் தொடுவதற்கு முன் பாதத்தைத் தூக்கி, நூலை உருவி, மறுபடி கோக்க வேண்டும். துணியை நகர்த்தும் பல்லுக்கு அடியில் அடைந்த பஞ்சைத் துலக்கி, மிஷின் எண்ணெய் விட வேண்டும். தேங்காய் எண்ணெய் மார்கழியில் சமையலறையில் என்ன ஆகிறதோ, அதேதான் மிஷினுக்குள்ளும். இத்தனைக்கும் பிறகும் சரியாகாவிட்டால்தான் மெக்கானிக்.

‘ஒரே அழுத்தலில் காஜா’ என்று விளம்பரப்படுத்தும் மிஷின்களில் பாதத்தின் பின்னால் பட்டனை வைப்பார்கள். மிஷின் பட்டனை ‘அறிந்துகொள்கிறது’ என்பார் விற்பனையாளர். அறிவதற்கு அங்கே ஒன்றுமில்லை. பட்டனின் அகலம் இரண்டு தடுப்புகளுக்கு இடையே தூரத்தை நிர்ணயிக்கிறது. மேலிருந்து இறக்கிவிட்ட ஒரு நெம்புகோல் தடுப்பில் முட்டியதும் தையல் திசை மாறுகிறது. அந்த நெம்புகோலை இறக்க மறந்தால் விலை உயர்ந்த மிஷினும் எங்கே திரும்புவது என்று தெரியாமல் தடுமாறும். பழைய கறுப்பு மிஷினில் மாட்டும் காஜா கருவி இதைவிடச் சுவாரசியம்: ஊசி ஆடாது, கருவி துணியைக் கவ்வி இடமும் வலமும் ஆட்டும்.

காஜாவின் நீளம் பட்டனின் விட்டமும் தடிமனும் சேர்ந்தது. 18 லைன் சட்டைப் பட்டன் 11.4 மி.மீ.; தடிமன் இரண்டரை சேர்த்தால் 14. உருண்டைப் பட்டனாக இருந்தால் ஒரு தாள் கீற்றால் சுற்றி அளந்து பாதி எடுக்கலாம். அடியில் கேன்வாஸ் ஒட்டாத மெல்லிய துணி எண்பது குத்தில் சுருங்கிவிடும். மேல் டென்ஷனைக் கொஞ்சம் தளர்த்தினால் முடிச்சு அடிப்பக்கம் இறங்கி, மேலே நூல் பளபளப்பாகப் படியும். சில பாபின் கேஸ்களின் விரல் நுனியில் ஒரு துளை உண்டு. கீழ் நூலை அதில் கோத்தால், திருகைத் தொடாமலே அதே பலன். கனத்த காலர் ஓரத்தில் பாதம் சாய்ந்தால் பல்லின் பிடி நழுவி, தையல் ஒரே இடத்தில் குவியும். பாதத்தின் தாழ்ந்த பக்கத்துக்கு அடியில் அதே கனமுள்ள துணி மடிப்பைக் கொடுத்துச் சமப்படுத்த வேண்டும்.

வெட்டுவது கடைசி வேலை. குறுக்குக் கட்டுகளுக்கு உட்புறமாக இரு முனையிலும் ஒரு குண்டூசியைக் குத்திவிட்டு, தையல் பிரிக்கும் கத்தியால் முனையிலிருந்து நடுவை நோக்கிக் கீற வேண்டும். கை வழுக்கினாலும் கத்தி குண்டூசியில் முட்டி நின்றுவிடும்.