கேரளாவில் 70 ஆயிரம், பீகாரில் 12 ஆயிரம்: கொரோனா மரணக் கணக்கை அப்படியே நம்பலாமா?

கொரோனா அதிக உயிர்களைப் பறித்தது கேரளாவிலா, பீகாரிலா? அரசுக் கணக்கை மட்டும் பார்த்தால் பதில் ஈஸி. சுமார் மூன்றரை கோடி பேர் வாழும் கேரளாவில் 70 ஆயிரத்துக்கும் அதிகமான மரணங்கள் பதிவாகின. மக்கள்தொகை 12 கோடியைத் தாண்டும் பீகாரில் சுமார் 12 ஆயிரம்தான்.

அப்படின்னா பீகார்தான் நல்லா சமாளிச்சதா? அங்கேதான் சிக்கல்.

ரத்தப் பரிசோதனை சொன்னது என்ன?

2021 ஜூன், ஜூலையில் ஐசிஎம்ஆர் நாடு முழுவதும் ரத்த மாதிரிகளைச் சோதித்தது. ஒருவர் உடலில் ஆன்டிபாடி இருந்தால், அவருக்குத் தொற்று வந்து போயிருக்கலாம் அல்லது அவர் தடுப்பூசி போட்டிருக்கலாம். கேரளாவில் 44.4 சதவீதம் பேருக்கு ஆன்டிபாடி இருந்தது. பீகாரில் 75.9 சதவீதம்!

அப்போது தடுப்பூசி போட்டவர்களின் விகிதம் பீகாரில்தான் குறைவு. ஆக, தொற்று அங்கேதான் அதிகம் பரவியிருக்கிறது. ஆனால் அதுவரை பதிவான பாதிப்பு கேரளாவில் சுமார் 29 லட்சம், பீகாரில் 7 லட்சத்துச் சொச்சம்.

ஏன் இந்த வித்தியாசம்?

டெஸ்ட் எடுத்தால்தான் ஒருவர் கணக்கில் வருவார். டெஸ்ட் எடுக்க, எட்டும் தூரத்தில் ஆஸ்பத்திரி இருக்க வேண்டும்.

கேரளாவில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் 1990-களிலேயே உள்ளாட்சிகளின் பொறுப்பில் விடப்பட்டன. 2018-ல் நிபா வைரஸை எதிர்கொண்ட அனுபவமும் இருந்தது. கொரோனா வந்ததும் வார்டு அளவில் குழுக்கள் இறங்கின. பள்ளிகளும் மண்டபங்களும் சிகிச்சை மையங்களாயின. 2021 ஏப்ரலில் டெல்லி ஆக்சிஜனுக்குத் தவித்தபோது, கேரளா தமிழ்நாட்டுக்கே ஆக்சிஜன் அனுப்பியது.

பீகாரின் நிலை கொரோனாவுக்கு முன்பே வேறு. 2019-ல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறந்தவர்கள் கேரளாவில் 6 பேர், பீகாரில் 29 பேர். அந்த ஆண்டு பீகாரில் நிகழ்ந்த மரணங்களில் ஏறக்குறைய பாதிதான் பதிவேட்டிலேயே ஏறியது.

ஒரே நாளில் எகிறிய எண்ணிக்கை

பாட்னா உயர் நீதிமன்றம் கேள்வி எழுப்பியதை அடுத்து பீகார் அரசு மறு தணிக்கை நடத்தியது. 2021 ஜூன் 9 அன்று, சுமார் 5,500 ஆக இருந்த மரண எண்ணிக்கை 9,429 ஆக மாறியது.

கேரளாவும் விதிவிலக்கல்ல. விடுபட்ட ஆயிரக்கணக்கான மரணங்களை 2021 அக்டோபர் முதல் அதுவும் சேர்த்தது. நாட்டிலேயே முதியோர் விகிதம் அதிகம் உள்ள மாநிலம் என்பதால், அங்கு உயிரிழப்பு கூடவும் காரணம் இருந்தது.

இதில் யாருக்கு நஷ்டம்?

உச்ச நீதிமன்றத் தலையீட்டுக்குப் பிறகு, கொரோனாவால் இறந்தவர்களின் குடும்பத்துக்கு ₹50,000 நிவாரணம் அறிவிக்கப்பட்டது. அதைப் பெற, இறப்புக்குக் காரணம் கொரோனாதான் என்பதற்கு ஆவணம் வேண்டும். டெஸ்ட் எடுக்காமல், ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காமல் வீட்டிலேயே இறந்தவரின் குடும்பம் எதைக் காட்டும்?

பக்கத்தில் ஆஸ்பத்திரி இல்லாததால் முதலில் சிகிச்சை கிடைக்கவில்லை. அதனாலேயே பிறகு கணக்கிலும் இடம் கிடைக்கவில்லை. அடுத்த முறை ஒரு மாநிலத்தில் 'பாதிப்பு குறைவு' என்று செய்தி வந்தால், அங்கே எத்தனை பேருக்கு டெஸ்ட் எடுத்தார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.